கரையோர மனையின் சரிவைக் கணினியில் வரைந்த அனுபவங்கள்

குடமுருட்டிக் கரை, திருவையாறு அருகே:

டெல்டாவில் வீடு கட்டுகிறவனுக்குச் சரிவைப் பற்றி என்ன கவலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் மனை 40 அடி அகலம், 90 அடி நீளம். முன்னால் ஆற்றுக் கரைச் சாலை, பின்னால் பாசன வாய்க்கால். நடுவில் வாழை நின்றதால் நிலம் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை.

வீட்டை நானே கணினியில் வரைந்தேன். புதிய கோப்பைத் திறந்தால் சமமான தரை ஒன்று தயாராக இருக்கும். அதன் மேலேயே சுவர்களை எழுப்பினேன். சாலையைவிட 2 அடி உயரத்தில் பேஸ்மட்டம். வாசலில் நாலு படி, கொல்லையில் நாலு படி. அச்செடுத்துக் கொத்தனாரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, அம்மா கொல்லையில் இறங்க நாலு படி போதாதே” என்றார். அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலியோடு தினமும் ஐந்தாறு முறை மாட்டுக்கொட்டகைக்குப் போய்வருகிறவர். அந்த ஒரு வார்த்தை என்னை உலுக்கிவிட்டது.

மறுநாள் வாழையை வெட்டிவிட்டு, கொத்தனாரின் மகனும் நானும் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாயால் உயரம் பார்ப்பது) பிடித்தோம். பத்தடிக்கு ஒரு முளை; அகலவாட்டில் 5, நீளவாட்டில் 10, மொத்தம் 50 இடங்கள். குழாயில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் அளவு பொய்யாகிவிடும் என்பதால் இரண்டு முறை தண்ணீரை வடித்து மறுபடியும் நிரப்பினோம். கொல்லைக் கோடி, சாலையைவிட 5 அடி 3 அங்குலம் தாழ்வாக இருந்தது!

இந்த அளவுகளோடு, நான் வீடு வரைந்த ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் உட்கார்ந்தேன். ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து, அரை அடிக்கு ஒரு கோடு வரைந்தேன். ஒவ்வொரு கோட்டையும் அதற்குரிய உயரத்துக்கு நகர்த்தி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நிலத்தை வடிவமைக்கும் சாண்ட்பாக்ஸ் கருவிகளில் ‘ஃப்ரம் கான்டூர்ஸ்’ கொடுத்ததும் நிலம் போர்வை போல விரிந்து வந்தது. பிறகு ‘ஸ்டாம்ப்’ கருவியால் வீட்டின் அடித்தளத்தை அதில் பதித்தேன். எங்கே எவ்வளவு மண் கொட்ட வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. வீடு 25க்கு 45 அடி. தரை சமம் என்று எண்ணி நான் போட்ட கணக்கில் நிரப்பு மண் 18 யூனிட். 100 கன அடி ஒரு யூனிட். உண்மையில் தேவைப்பட்டது ஏறக்குறைய 39. கொல்லைப் படிகளோ அரை அடி உயரத்தில் பத்து!

வீட்டைத் தாழ்த்த மனம் வரவில்லை, ஐப்பசி கார்த்திகையில் வாய்க்கால் வழிந்தால் தண்ணீர் முதலில் தேடுவது தாழ்ந்த தரையைத்தான். அதனால் கொல்லைக் கதவைக் கிழக்குச் சுவருக்கு, நிலம் இன்னும் அதிகம் இறங்காத இடத்துக்கு மாற்றினேன். இப்போது ஏழு படி, நடுவில் நின்று இளைப்பாற ஒரு அகலப் படி, கைப்பிடி. படத்தில் கதவை நகர்த்த ஒரு நிமிடம்தான் ஆனது. சுவர் எழும்பிய பிறகு என்றால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இன்னொருவர்:

நான் பயன்படுத்தியது ஸ்வீட் ஹோம் 3டி என்ற வீடு வரையும் மென்பொருள். இலவசம், என் பழைய கணினியிலும் ஓடுகிறது. அதில் தரை சமதளம்தான் என்பதால் வேறு வழி பிடித்தேன். மனையின் மிகத் தாழ்ந்த மூலையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, மற்ற இடங்களை அதிலிருந்து உயரும் பெட்டிகளாக அடுக்கினேன், படிக்கட்டு வயல் மாதிரி. வீட்டுக்குத் தனியாக ஒரு தளம் சேர்த்து அதன் உயரத்தைக் கொடுத்துவிடலாம். சுற்றுச்சுவருக்குத் தொடக்க உயரமும் முடிவு உயரமும் தனித்தனியாகத் தரும் வசதி இருக்கிறது. பார்க்க அழகாக இராது, ஆனால் படிக் கணக்கும் சுவர்க் கணக்கும் சரியாக வந்தன. சாலையைப் பூஜ்யமாக வைத்து ஆரம்பிக்காதீர்கள், பாதி மனை தரைக்குள் புதைந்துவிடும்.

சீர்காழி, கட்டட வரைபட வேலை செய்பவள்:

முளை அடித்து அளந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. என்னிடம் வரும் பலர் செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கிக்கொண்டு வருகிறார்கள். 2000இல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த உயரத் தரவில் ஒரு புள்ளி ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம். உங்கள் முழு மனையும் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். உயரத்தில் சில மீட்டர் பிழையும் வரலாம். மலைச்சரிவில் அது உதவும். ஐந்தடிச் சரிவில் குடும்பத்தின் சேமிப்பையே கொட்டும் இந்த ஊர்களில் அதை நம்பி அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

இன்னொன்று. வெளியூரிலிருந்து வந்து மனை வாங்கிய ஒருவர், நிலம் ஆற்றை நோக்கித்தானே சரியும் என்று எண்ணிக் கழிவுநீர்க் குழாயை ஆற்றுப் பக்கம் வரைந்து வந்திருந்தார். இங்கே நேர்மாறு. வெள்ளம் கரை புரளும்போதெல்லாம் கனமான வண்டலைக் கரையோரத்திலேயே போட்டுவிட்டுப் போனதால் ஆற்றோரம் மேடு, தள்ளிப் போகப் போகப் பள்ளம். அதனால்தான் மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்கு ஓடுகிறது. படத்தில் முதலில் ஒரு அம்புக்குறி போட்டுத் தண்ணீர் போகும் திசையைக் குறியுங்கள். சுவரெல்லாம் அப்புறம்.

குடமுருட்டிக் கரை, முதலில் எழுதியவர்:

அம்புக்குறி போட்டுப் பார்த்தேன், சீர்காழி அம்மா. அது நேரே பாசன வாய்க்காலில் போய் முடிகிறது. அடுத்தவர் வயலுக்குப் பாயும் தண்ணீரில் கொட்டகை கழுவும் நீரை விட மாட்டேன். வாய்க்காலுக்கு முன்பே உறிஞ்சுகுழி வைக்கலாம் என்றிருக்கிறேன். களிமண் நிலத்தில் வைத்தவர்கள் இருந்தால், மழைக்காலத்தில் அது தண்ணீரை இழுக்கிறதா என்று சொல்லுங்கள். கடைக்கால் போடும் முன் அதையும் படத்தில் சேர்த்துவிடுகிறேன்.