டிகோடர் வாங்கும் முன் எஞ்சினைத் திறந்து பாருங்கள்: நம் அனுபவங்கள்

தருமபுரியிலிருந்து

போன மாதம் ஒரு புது டிகோடரை (மாடல் ரயில் எஞ்சினுக்குள் உட்கார்ந்து கன்ட்ரோலரின் கட்டளைப்படி மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிறு பலகை) மூன்றே வினாடியில் கருக்கிவிட்டேன். டிசிசிக்கு, அதாவது ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளையால் ஓட்டும் முறைக்கு, மாற நினைக்கிறவர்கள் அதே இடத்தில் பணத்தை விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாடி அறையில் எட்டடிக்கு நாலடி பலகையில் எச்ஓ என்னும் மாடல் அளவில் தண்டவாளம் போட்டிருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய டீசல் எஞ்சின் கிடைத்தது, தண்டவாள வோல்டேஜை ஏற்றி இறக்கி ஓட்டும் சாதாரண டிசியில் அருமையாக ஓடியது. ஒரு ஆம்பியர் டிகோடர் வாங்கி, சிவப்பும் கறுப்பும் சக்கரத்திலிருந்து வரும் ஒயருக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன் விளக்குக்கு, மஞ்சள் பின் விளக்குக்கு, நீலம் பொதுவுக்கு என்று எல்லாம் சரியாகத்தான் ஈயத்தால் பத்த வைத்தேன். தண்டவாளத்தில் வைத்து வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினேன், எஞ்சின் ஒரு துள்ளு துள்ளி நின்றது. கூட்டின் இடுக்கிலிருந்து நூல் மாதிரி புகை. திறந்து பார்த்தால் டிகோடரின் மேல் உறை ஒரு ஓரத்தில் உப்பிப் பழுப்பாகியிருந்தது.

காரணம் மோட்டாரில் இருந்தது. பழைய எஞ்சின்கள் சிலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ் (சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) நேராக உலோகச் சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கும், அந்தச் சட்டம் ஒரு பக்கச் சக்கரங்களிலிருந்து மின்சாரம் எடுக்கும். டிசியில் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. டிசிசியில் தண்டவாள மின்சாரம் டிகோடருக்குள் போய், அங்கிருந்துதான் மோட்டாருக்கு வர வேண்டும். குறுக்கு வழி ஒன்று இருந்தால் டிகோடர் போச்சு. மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, பிரஷ் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே தொட்டுப் பாருங்கள். டிகோடருக்காகப் பழைய ஒயர்களைப் பிரித்த பிறகு எங்கேயும் பீப் கேட்கக் கூடாது. நான் இதைச் செய்யவில்லை. இப்போது அந்தப் பிரஷ்ஷுக்கும் சட்டத்துக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத காப்டான் டேப் வைத்து, தனி ஒயர் இழுத்து, இரண்டாவது டிகோடர் போட்டிருக்கிறேன், ஓடுகிறது.

அப்புறம் ஆம்பியர் கணக்கு. எச்ஓவுக்கு ஒரு ஆம்பியர் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள், புது மோட்டார்களுக்கு அது சரிதான். பழைய மோட்டாருக்கு அளந்தே ஆக வேண்டும். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி (மறந்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்), 12 வோல்ட் டிசியில் தொடராக வைத்து, சக்கரம் சுற்றாமல் கையால் ஒரு வினாடி பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது வரும் எண்தான் மோட்டார் சிக்கினால் கேட்கும் கரண்ட். அதைவிட அதிகம் தாங்கும் டிகோடராக எடுங்கள். என் எஞ்சினில் 1.4 வந்தது. ஒரு ஆம்பியர் டிகோடர் அதற்குப் பொருந்தவே பொருந்தாது, பிரஷ் தப்பித்திருந்தாலும் ஒருநாள் போயிருக்கும்.

சத்தம் வேண்டும் என்றால், எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு டபிள்யூடிஎம் 3ஏ என்ற நிஜ டீசல் ரயில் எஞ்சினின் சத்தம் காதிலேயே இருக்கும், சிவாடி பக்கம் மேடேறும்போது இரவில் எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும்! அதற்குள் இருப்பது ஆல்கோ கம்பெனி வடிவமைத்த 251 டீசல், பதினாறு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். அமெரிக்க ஆல்கோ டீசல்களிலும் இதே 251 இருந்ததால், அந்தச் சத்தம் உள்ள டிகோடரை எடுத்தால் நம் எஞ்சினுக்கு நெருக்கமாக வரும். டபிள்யூடிஜி 4 என்ற சரக்கு எஞ்சினுக்கு இஎம்டி கம்பெனியின் 710, அது இரண்டு ஸ்ட்ரோக், உறுமலே வேறு. மாற்றிப் போட்டால் எனக்குக் கேட்கப் பொறுக்காது. ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்பதை டிகோடரோடு வரும் தாளில் பார்த்து வாங்குங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து

அண்ணா, பிரஷ் விஷயம் சொன்னதற்கு நன்றி, என் அலமாரியில் அப்படி இரண்டு இருக்கின்றன. என்னுடையது எச்ஓவைவிடச் சின்னதான 'N' ஸ்கேல், 9 மில்லிமீட்டர் தண்டவாளம். இங்கே ஆம்பியரைவிட இடம்தான் பிரச்சினை. நான் 8 பின் டிகோடர் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன், எஞ்சினில் இருந்ததோ 18 முனை கொண்ட நெக்ஸ்ட்18 சாக்கெட். கூட்டைக் கழற்றி ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உயரத்தையும் அளக்க வேண்டும், கூடு மூடாமல் தவித்தேன்.

இன்னொன்று, எங்கள் வீடு பெரிய ரோட்டோரம். தண்டவாளத்தில் தூசி படிந்து எஞ்சின் பாயிண்ட் (பாதை பிரியும் இடம்) மேல் வரும்போதெல்லாம் நின்று நின்று போகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் வாரம் ஒருமுறை துடைக்கிறேன். அதோடு மின்சாரம் நொடிநேரம் விட்டுப்போனாலும் எஞ்சினைத் தாங்கும், கீப் அலைவ் எனப்படும் கெப்பாசிட்டரைச் சேர்த்ததும் தடங்கல் நின்றது. ஆனால் அது போட்ட பிறகு புரோகிராமிங் தண்டவாளத்தில் (டிகோடரின் அமைப்பைப் படிக்கவும் மாற்றவும் போட்ட தனித் தண்டவாளம்) சிவி எண்களை, அதாவது டிகோடரில் பதிந்திருக்கும் அமைப்பு எண்களை, படிக்கவே முடியவில்லை, டிகோடர் செத்துவிட்டது என்று இரண்டு நாள் வருத்தப்பட்டேன். கெப்பாசிட்டரைக் கழற்றிப் படித்தால் உடனே படித்தது. டிகோடர் வாங்கும்போதே கீப் அலைவுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஓசூரிலிருந்து

இரண்டு எஞ்சின் கோத்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வேறு வேறு கம்பெனி டிகோடர் போட்ட இரண்டு எஞ்சின்களைக் கோத்தேன், பேக் இஎம்எஃப் (மோட்டார் சுற்றும் வேகத்தைப் பார்த்து டிகோடர் அதைச் சீராக வைக்கும் வசதி) ஒன்றுக்கொன்று வேறு மாதிரி வேலை செய்து, ஒன்று இழுக்க மற்றது பிடித்து, நடுவில் கப்ளிங் படபடவென்று அடித்தது. இப்போது ஜோடிக்கு ஒரே மாடல் டிகோடர்தான் வாங்குகிறேன். அப்போதும் தொடக்க, நடு, உச்ச வேகங்களுக்கான சிவி 2, 6, 5 மூன்றையும் சரிசெய்ய வேண்டும்: ஒரு மீட்டர் தண்டவாளத்தில் இரண்டையும் தனித்தனியாக ஓட்டி, செல்போனில் நேரம் எடுத்து, வேகமாக ஓடுவதைக் குறைத்துக்கொண்டே வருவேன். பிசகிவிட்டால் சிவி 8ல் 8 எழுதினால் பல டிகோடர்கள் பழைய நிலைக்குத் திரும்பும், முகவரி (கன்ட்ரோலர் அந்த எஞ்சினை அழைக்கும் எண்) மறுபடியும் 3 ஆகிவிடும். நம் எஞ்சின் எண்கள் ஐந்து இலக்கம், என் கன்ட்ரோலர் 9999க்கு மேல் வாங்காது, அதனால் கடைசி நாலு இலக்கத்தை முகவரியாக வைத்திருக்கிறேன்.