ஒப்பந்தம் முடிகிறது, பேரம் பேசத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

திருகோணமலை உறவுகளே, வணக்கம்.

உவர்மலையில் இருக்கிறோம். ஃபைபர் இணையத்தையும் தொலைக்காட்சியையும் ஒரே நிறுவனத்திடம் சேர்த்து எடுத்திருந்தோம். இரண்டு வருட ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதிதாகச் சேர்பவருக்கு அதே பொதி குறைந்த விலை. ஒரு மாதம்கூடப் பிந்தாமல் கட்டிய எங்களுக்கு முழு விலை. இது என்ன நியாயமோ!

தொலைபேசியில் கேட்டேன். "எல்லோருக்கும் இதுதான் அண்ணா" என்று ஒரு தம்பி இனிமையாகச் சொல்லி வைத்துவிட்டார். மீன் சந்தையில் ஐம்பது ரூபாயாவது குறைக்காமல் நகராத என் அம்மா, "விலகப் போகிறேன் என்று சொல்லு, பிறகு பார்" என்கிறார். அப்படிச் சொல்லி உண்மையிலேயே விலைக்கழிவு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? கிளைக்கு நேரில் போனால் பலன் உண்டா? வேறு நிறுவனத்தின் விலையை எழுத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமா?

டிஷ்ஷுக்கு மாறலாம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் உறைந்து நிற்கும்; கிரிக்கெட் நாளில் அப்பாவின் முகத்தை யார் பார்ப்பது? 4ஜி ரவுட்டர் எங்கள் பக்கம் பின்னேரமானால் ஊர்கிறது. 2025இல் இலங்கைக்கு வந்த செய்மதி இணையமான ஸ்டார்லிங்க்கின் கருவி விலை எங்களுக்குக் கட்டாது. ஆகவே ஃபைபரை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியை மட்டும் வெட்டலாமா என்றும் யோசிக்கிறேன். அலைவரிசைகளில் பாதியை நாங்கள் திறந்தே பார்த்ததில்லை.

இன்னொன்று: விலகினால் ரவுட்டரையும் தொலைக்காட்சி இணைப்புப் பெட்டியையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, வைப்புப் பணம் கைக்கு வருமா? அண்மையில் மாறியவர்கள், எவ்வளவு குறைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.