கலர் பார் போட்டுச் சரிசெய்தும் டிவியில் இருட்டுக் காட்சி ஒரே கறுப்பாக இருக்கிறது, என்ன செய்வது?

கேட்டவர்:

வணக்கம். வீட்டில் 43 அங்குல எல்இடி டிவி, ஃபுல் எச்டி. கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை கொஞ்சம் வருவதால் அதையே எச்டிஎம்ஐ கேபிளில் லேப்டாப்போடு இணைத்து மானிட்டராகவும் வைத்திருக்கிறேன். பிரச்சினை என்னவென்றால் ராத்திரி ரிசப்ஷன் ஷாட்டுகளில் மாப்பிள்ளையின் கறுப்பு கோட், தலைமுடி, பின்னால் தொங்கும் திரைச்சீலை எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து கறுப்பாகவே தெரிகிறது. அதே கிளிப்பை போனில் ஓட்டினால் கோட்டின் காலர் மடிப்பு, பட்டன் வரை பிரிந்து தெரிகிறது. முகங்கள் வேறு ஒரே ஆரஞ்சு.

நெட்டில் தேடி எஸ்எம்பிடிஇ கலர் பார் (டிவியின் நிறம், வெளிச்சம் சரிபார்க்கும் பட்டைப் படம்) ஒன்றை இறக்கி முழுத்திரையில் போட்டேன். வலது பக்கம் கீழே இருக்கும் மூன்று மெல்லிய கறுப்புப் பட்டைகளைப் பார்த்து பிரைட்னஸ் வைக்க வேண்டுமாம். எனக்குப் பட்டையே தெரியவில்லை. பிரைட்னஸை ஏற்றிக்கொண்டே போனால் கறுப்பு மொத்தமும் சாம்பலாக வெளுக்கிறதே தவிர பட்டை பிரிய மாட்டேன் என்கிறது. அப்புறம் நீலத் தாள் வழியாகப் பார்த்து கலரும் (நிறத்தின் அடர்த்தி) டின்ட்டும் (நிறத்தின் சாயல்) வைக்கச் சொன்னார்கள். ஃபேன்ஸி ஸ்டோரில் கிஃப்ட் சுற்றும் நீலக் கண்ணாடித்தாள் வாங்கிப் பார்த்தேன், சாம்பல் பட்டையும் நீலப் பட்டையும் ஒரே அளவில் வரவே இல்லை. டின்ட்டைப் பச்சைப் பக்கம் நகர்த்தினால் கொஞ்சம் நெருங்கி வருகிறது, ஆனால் பெண்ணின் முகம் பச்சை அடிக்கிறது. பேனல் போய்விட்டதா? கடையில் கேட்டால் புதிது வாங்குங்கள் என்கிறார்கள்.

வயர்மேன்:

புதிது எல்லாம் வாங்க வேண்டாம் சார். பேனல் போனால் கோடு விழும், ஒரு பக்கம் மங்கும், திட்டுத் திட்டாகத் தெரியும், இப்படி இருட்டு மட்டும் காணாமல் போகாது. பிரைட்னஸ் ஏற்றினால் எல்லாம் சேர்ந்து வெளுக்கிறது, பட்டை பிரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. அந்த விவரம் பிரைட்னஸ் பட்டனுக்கு வந்து சேர்வதற்கு முன்பே வெட்டுப்பட்டுவிட்டது. இல்லாததை எவ்வளவு ஏற்றினாலும் வராது.

காரணம் பெரும்பாலும் ரேஞ்ச். கம்ப்யூட்டர் பழக்கத்தில் 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. டிவி உலகத்தில் 16 கறுப்பு, 235 வெள்ளை, செட்டாப் பாக்ஸ் எல்லாம் இப்படித்தான் அனுப்பும். உங்கள் லேப்டாப் 0 முதல் 255 வரை அனுப்ப, டிவி அதை 16 முதல் 235 என்று நினைத்துக்கொண்டால், 16க்குக் கீழே இருப்பதெல்லாம் சுத்தக் கறுப்பு, 235க்கு மேலே இருப்பதெல்லாம் சுத்த வெள்ளை. கோட்டின் மடிப்பு போன இடம் அதுதான். ஒன்று செய்து பாருங்கள், பகல் ஷாட்டில் மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பு தெரிகிறதா? அதுவும் சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஒரே வெள்ளையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரிசெய்ய இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப்பில் இன்டெல் கிராஃபிக்ஸ் என்றால் அதன் டிஸ்ப்ளே செட்டிங்கில் 'குவான்டைசேஷன் ரேஞ்ச்', என்விடியா என்றால் கன்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் மாற்றும் பக்கத்திலேயே 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்', அதை ஃபுல் என்று வையுங்கள். டிவியில் இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்', அதில் லோ என்றால் 16–235, நார்மல் என்றால் 0–255. எல்ஜியில் வெறும் 'பிளாக் லெவல்', அங்கே லோவும் ஹையும். சோனியில் 'எச்டிஎம்ஐ வீடியோ ரேஞ்ச்', லிமிடெட், ஃபுல் என்று நேராகவே போட்டிருப்பார்கள். ஆட்டோ என்று இருந்தால் நம்பாதீர்கள், கையால் வையுங்கள். டிவியில் அப்படி ஒரு மெனுவே இல்லை என்றால் லேப்டாப்பை லிமிடெட்டுக்கு இறக்குங்கள், அதுவும் சரிதான். மாற்றி வைத்துவிட்டால், அதாவது லேப்டாப் லிமிடெட், டிவி ஃபுல் என்றால், கறுப்பு எல்லாம் புகை மூடினாற்போல் வெளிறித் தெரியும், உடனே கண்டுபிடித்துவிடலாம்.

இது முடிகிற வரை கலர், டின்ட் எதையும் தொடாதீர்கள். பிக்சர் மோடை ரீசெட் செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சாம்பல் நிறம்:

வயர்மேன் சொன்னது முழுக்கச் சரி. நான் கலர் கிரேடிங் (வீடியோவின் நிறத்தைச் சீர்செய்யும்) வேலையில் இருக்கிறேன், அந்தப் பட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

மூன்று பட்டைக்கும் பொதுப்பெயர் புளூஜ். இடது பட்டை கறுப்பைவிடக் கறுப்பு, நடுப்பட்டை கறுப்பு, வலது பட்டை கறுப்பைவிட ஒரு துளி வெளிச்சம். மூன்றும் சேர்ந்து தெரியக் கூடாது. வலது பட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்து மற்ற இரண்டும் சுற்றியிருக்கும் கறுப்போடு கரைந்துவிட வேண்டும். மூன்றும் பிரிந்து தெரியும்வரை பிரைட்னஸ் ஏற்றினால் படம் வெளுத்துப்போகும்.

இன்னொரு சிக்கல், நீங்கள் இறக்கிய படமே. அதை பெயின்டில் திறந்து கலர் பிக்கரை வைத்துப் பட்டைகளுக்குப் பக்கத்துக் கறுப்பைத் தொட்டுப் பாருங்கள். வருகிற மூன்று எண்ணும் சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு. 0,0,0 வந்தால் இடது பட்டை அதற்குக் கீழே போக இடமில்லை, அது தெரியாதது இயல்பு. 19,19,19 என்று வந்தால் அது பழைய அமெரிக்க அனலாக் முறைக்கான படம். அங்கே கறுப்பை சுழியத்தில் வைக்காமல் 7.5 சதவீதம் தூக்கி வைத்திருந்தார்கள், அந்த 7.5 சதவீதம்தான் இந்த 19. கம்ப்யூட்டரில் கறுப்பு என்றால் 0, ஆகவே அந்தப் படத்தை வைத்து பிரைட்னஸ் வைத்தால் நாமே கையால் இருட்டை நசுக்கியது போல ஆகும். அப்படியே சாம்பல் பட்டையையும் தொட்டுப் பாருங்கள். 191 அல்லது 192 மூன்றிலும் ஒரே மாதிரி வர வேண்டும், நீலப் பட்டையில் 0, 0, அப்புறம் அதே எண். வாட்ஸாப் வழியாக வந்த படமென்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பிரைட்னஸுக்கு ஏவிஎஸ் எச்டி 709 என்று ஒரு இலவச பேட்டர்ன் (சோதனைப் படம்) தொகுப்பு இருக்கிறது, அதில் பிளாக் கிளிப்பிங் என்ற வீடியோ. எண் போட்ட பட்டைகள் 25 வரை வரிசையாக மின்னும். அது டிவி முறை வீடியோ என்பதால் அதில் 16 என்பது கறுப்பு, 17இலிருந்து மேலே உள்ளவை மின்னுவது தெரிய வேண்டும், நடைமுறையில் 18 தெரிந்தாலே போதும். வெள்ளைக்கும் அதேபோல் ஒன்று உண்டு, அதில் 235 வரையாவது பிரிய வேண்டும், அதை வைத்துக் கான்ட்ராஸ்ட். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், அதனால் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

நீலத் தாள் விஷயம். கலர் பாரில் சாம்பல், மஞ்சள், சயான், பச்சை, மெஜென்டா, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் ஒன்று விட்டு ஒன்றில் நீலம் இருக்கிறது, அதுவும் ஒரே அளவில். அதனால் சரியான நீல ஃபில்டர் வழியாகப் பார்த்தால் நான்கு பட்டை ஒரே நீலமாகவும் நடுவில் மூன்று கறுப்பாகவும் தெரியும். ஓரத்து இரண்டையும் சமமாக்கக் கலர், உள்ளே இருக்கும் சயான், மெஜென்டா இரண்டையும் சமமாக்க டின்ட். இப்போது உங்கள் தாளை எடுத்து மஞ்சளையும் பச்சையையும் மட்டும் பாருங்கள். கறுப்பாக இல்லாமல் பச்சை கசிகிறதா? கசிந்தால் அந்தத் தாள் எதற்கும் உதவாது, கிஃப்ட் தாள் எல்லாமே அநேகமாகக் கசியும். சில டிவியில் எக்ஸ்பர்ட் செட்டிங்குக்குள் 'ஆர்ஜிபி ஒன்லி மோட்' அல்லது 'கலர் ஃபில்டர்' என்ற பெயரில் நீலத்தை மட்டும் காட்டும் வசதி இருக்கும், அதுதான் நம்பத் தகுந்தது. இல்லை என்றாலும் கவலை வேண்டாம். லேப்டாப்பிலிருந்து ஆர்ஜிபியாக, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக, வரும் படத்தில் டின்ட் தவற வழியே இல்லை, நடுவில் விட்டுவிடுங்கள்.

பழைய பட்டறை:

டின்ட் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன் தம்பி. நம் ஊரில் 1982இல் கலர் வந்தபோது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில்தான் வந்தது. அதில் ஒரு வரி விட்டு ஒரு வரி நிற சிக்னலின் ஒரு பாகத்தைத் திருப்பிப் போட்டு அனுப்புவார்கள், வழியில் சாயல் கொஞ்சம் திரும்பினாலும் அடுத்த வரியில் எதிர்ப்பக்கம் திரும்பிச் சமமாகிவிடும். அதனால் நாங்கள் கடையில் பிரித்த செட்டுகளில் டின்ட் வேலை செய்ததே இல்லை, அது அமெரிக்கா, ஜப்பானின் என்டிஎஸ்சி முறை செட்டுக்காரர்கள் தலைவலி. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மல்டி சிஸ்டம் செட்டில் என்டிஎஸ்சி டேப் போட்டால்தான் அந்தக் கன்ட்ரோலுக்கு உயிர் வரும்.

எங்களுக்கு பேட்டர்ன் ஜெனரேட்டர் என்றால் முதலில் சிவப்பு ராஸ்டர், திரை முழுக்க ஒரே சிவப்பாக இருக்கிறதா, மூலையில் ஊதா அடிக்கிறதா என்று பார்த்து டீகாஸ் காயில் (டியூபில் ஏறிய காந்தத்தை நீக்கும் சுருள்) சுற்றுவோம். அடுத்து கிராஸ்ஹேட்ச். வெள்ளைக் கட்டம் கட்டமாகக் கோடு வரும், ஓரத்தில் கோட்டுக்கு ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமும் எட்டிப் பார்த்தால் கன்வர்ஜன்ஸ், அதாவது மூன்று நிறமும் ஒரே இடத்தில் சேர்வது, போயிருக்கிறது, பிக்சர் டியூப் கழுத்தில் இருக்கும் காந்த வளையத்தைத் திருப்பி, யோக்கில் ரப்பர் ஆப்பு செருகி... அந்தக் கதை எல்லாம் இப்போது உங்களுக்குத் தேவையில்லை, எல்சிடியில் அது கிடையாது. தேவையானது ஒன்று, பேட்டர்ன் போடுவதற்கு முன்னால் அரைமணி நேரம் செட்டை ஓடவிடுங்கள். எனர்ஜி சேவிங், டைனமிக் கான்ட்ராஸ்ட், அறை வெளிச்சத்தைப் பார்த்து மாறும் சென்சார் இதெல்லாம் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கறுப்பு பேட்டர்ன் வந்ததும் டிவி தானாக வெளிச்சத்தைக் குறைக்கும், அதைப் பார்த்து நீங்கள் ஏற்றுவீர்கள், சண்டை முடியாது.

விவிட் ரசிகர்:

எதுக்குங்க இவ்வளவு? விவிட் மோடில் போட்டு கண்ணுக்கு எது அழகோ அதை வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

சாம்பல் நிறம்:

படம் பார்க்க அது போதும், தப்பே இல்லை. அவர் எடிட் செய்து அடுத்தவர் கையில் கொடுக்கிறவர். விவிட்டில் ஆரஞ்சாகத் தெரிகிற முகத்தை அவர் குறைத்து அனுப்பினால் பெண் வீட்டார் டிவியில் அது சோகை பிடித்த முகமாகத் தெரியும். கேட்டவருக்கு: சினிமா அல்லது மூவி என்ற மோடுக்கு மாறி, கலர் டெம்பரேச்சரை வார்மில் வையுங்கள். வீடியோவின் அளவுகோல் வெள்ளை டி65, அதாவது சுமார் 6500 கெல்வின். டிவியின் ஸ்டாண்டர்ட், விவிட் இரண்டும் அதைவிட நீலம்.

வயர்மேன்:

ஒன்று கேட்க மறந்தேன், திரையின் ஓரத்தில் டாஸ்க்பார் கொஞ்சம் வெட்டுப்படுகிறதா?

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. ஆமாம், டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டுத்தான் இருந்தது, பிக்சர் சைஸில் 16:9 என்று இருந்ததை 'ஜஸ்ட் ஸ்கேன்' ஆக்கினேன், முழுசாக வந்துவிட்டது, எழுத்தும் கூர்மையாகிவிட்டது.

பெயின்டில் பார்த்தேன், 19,19,19 தான் வந்தது. ஏவிஎஸ் வீடியோவை முதலில் எதையும் மாற்றாமல் ஓட்டினேன், 25 வரை ஒரு பட்டைகூட மின்னவில்லை. லேப்டாப்பில் ஃபுல் வைத்து, டிவியில் பிளாக் லெவலை லோவிலிருந்து ஹைக்கு மாற்றிய உடனே 19, 20, 21 என்று வலது பக்கம் எல்லாம் மின்ன ஆரம்பித்தது. பிரைட்னஸை இரண்டு புள்ளி ஏற்றியதும் 18ம் வந்தது. ரிசப்ஷன் கிளிப்பில் கோட்டின் மடிப்பு, திரைச்சீலையின் கொசுவம் எல்லாம் தெரிகிறது. வேட்டி ஜரிகைக்கு மேலே இருக்கும் மடிப்பும் வந்துவிட்டது.

இரண்டு சந்தேகம். வார்ம் வைத்ததும் படம் மஞ்சளாக இருக்கிறது, வீட்டில் எல்லோரும் பழைய மாதிரி வை என்கிறார்கள். அப்புறம் செட்டாப் பாக்ஸில் நியூஸ் போட்டால் எல்லாம் பழையபடி விவிட்டிலேயே இருக்கிறது, நான் மாற்றியது போய்விட்டதா?

வயர்மேன்:

போகவில்லை. நிறைய டிவியில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இன்புட்டுக்கும் செட்டிங் தனித்தனி. 'எல்லா இன்புட்டுக்கும் பொருத்து' என்று ஒன்று இருக்கும், அதை அழுத்திவிடாதீர்கள், ஏனென்றால் செட்டாப் பாக்ஸ் 16–235 அனுப்புகிறது, அந்த இன்புட்டில் பிளாக் லெவல் லோவிலேயே இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த இன்புட்டை அவர்கள் இஷ்டப்படி விட்டுவிட்டு உங்கள் லேப்டாப் இன்புட்டை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள், சண்டை இல்லை. அந்த இன்புட்டுக்கு பெயரை 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள், சில டிவியில் அப்போதுதான் சிவப்பு எழுத்து, நீல எழுத்து கலங்காமல் வரும். மாற்றிய பிறகு பிளாக் கிளிப்பிங்கை இன்னொரு தடவை ஓட்டிவிடுங்கள்.

சாம்பல் நிறம்:

மஞ்சள் என்று தோன்றுவது பழைய நீலத்துக்குக் கண் பழகியதால்தான், சில நாளில் மறந்துவிடும். எடிட் செய்யும் நேரத்தில் அறையில் மஞ்சள் பல்பை அணைத்துவிட்டு வெள்ளை டியூப்லைட் போடுங்கள், 6500 கே என்று அச்சடித்திருப்பது நல்லது, வெளிச்சம் திரையில் நேராக விழாமல் பின்சுவரில் விழட்டும். ஷார்ப்னஸையும் பார்த்துக்கொள்ளுங்கள், மெல்லிய கறுப்புக் கோட்டின் பக்கத்தில் வெள்ளை நிழல் ஓடினால் அது நின்றுபோகிற வரை குறையுங்கள். அது சில கம்பெனியில் 0, சோனியில் நடுவில் 50 பக்கம்.

சாம்பல் படிகள் போட்ட பேட்டர்னில் ஏதாவது ஒரு படி மட்டும் பச்சையாகவோ ரோஸாகவோ தெரிந்தால் அதைக் கண்ணால் திருத்த முயலாதீர்கள், கண் சாம்பலை நம்பும்படி பார்க்காது. அதற்கு ஸ்பைடர் மாதிரி திரையில் ஒட்டிப் பார்க்கும் மீட்டர் வேண்டும், வாங்க முடியாவிட்டால் தெரிந்த ஸ்டுடியோவில் ஒரு நாள் இரவல் கேளுங்கள். ஆல்பம் பிரின்ட் போடுவதாக இருந்தால் மட்டும் அந்தச் செலவு அவசியம், வீடியோவுக்கு இப்போது இருப்பதை வைத்துத் தாராளமாக வேலை பார்க்கலாம்.

கேட்டவர்:

பிசி என்று பெயர் மாற்றினேன், எழுத்து கண்ணாடி மாதிரி வந்துவிட்டது, ஆனால் டின்ட், கலர் இரண்டும் மெனுவில் மங்கிப்போய் மாற்ற முடியவில்லை.

வயர்மேன்:

மங்கியே இருக்கட்டும். ஆர்ஜிபிக்கு அது இரண்டும் வேண்டாம்.