இடோகாவாவில் சரளையும் பாறையும் தனித்தனியாகக் கிடப்பது எதனால்?

சல்லடை:
இடோகாவா குறுங்கோளைப் பற்றிப் பேசினால் உடனே மிக்சர் டப்பா உதாரணம் வருகிறது: குலுக்கினால் தூள் அடியில் இறங்கும், கடலை மேலே ஏறும். அது மேல்-கீழ்ப் பிரிவு. 2005-ல் ஜப்பானின் ஹயபுசா விண்கலம் எடுத்த படங்களில் இருப்பதோ பக்கவாட்டுப் பிரிவு. மியூசஸ் கடல் என்று பெயரிட்ட சமதளப் பகுதியில் சென்டிமீட்டர் அளவுச் சரளை, அதைத் தாண்டினால் பெரும்பாறைகள்.

2017-ல் ஷின்பிராட் ஆய்வுக் குழு சொன்னதுதான் பொருந்துகிறது. கருங்கல் திண்ணையில் கூழாங்கல்லைப் போட்டால் துள்ளி ஓடும். ஜல்லிக் குவியலில் போட்டால் விழுந்த இடத்திலேயே அடங்கும், வேகத்தைப் பக்கத்துக் கற்கள் வாங்கிக்கொள்ளும். பாறைமேல் விழுவதெல்லாம் துள்ளித் துள்ளிக் கடைசியில் சரளைக்குள் வந்து சேரும்.

குன்றம்:
துள்ளலை மறுக்கவில்லை நண்பரே. ஆனால் உங்கள் கணக்குப்படி சரளை முதலில் எங்கே சேர்ந்ததோ அங்கே வளரும். மேடானாலும் சரி, பள்ளமானாலும் சரி. இடோகாவாவில் சரளை நிறைந்த மென்பரப்புகள் ஈர்ப்பு நிலையாற்றல் குறைந்த இடங்களில், அதாவது பள்ளங்களில்தான் இருக்கின்றன. 2007-ல் மியாமோட்டோ குழு காட்டிய படங்களைப் பாருங்கள்: பெரிய கற்களின் மேட்டுப்பக்கம் சரளை முட்டி நிற்கிறது, கற்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. ஆற்றுப்படுகையிலும் இப்படித்தான். ஒவ்வொன்றாகத் துள்ளி வந்த கல் இப்படி அடுக்காது. மோதல் அதிர்வில் இளகி, கூட்டமாகச் சரிந்த தடம் இது.

சல்லடை:
சரிந்தது என்றே வைப்போம். பெரிய பாறை ஏன் கூடவே பள்ளத்துக்கு வரவில்லை?

குன்றம்:
சிறுகல் இடுக்கு வழியே நழுவும், பெரிய பாறை சிக்கி நிற்கும். தவிர, அங்கே ஈர்ப்பை மீறித் தப்பத் தேவையான விடுபடு வேகம் நொடிக்கு 10–20 செ.மீ.தான். பாறையில் மோதி அதைவிட வேகமாக எழுந்த கல் திரும்பி வராது.

சல்லடை:
அதனால்தான் மெதுவாக எழுந்தவை மட்டும் மிஞ்சுகின்றன. அவை சரளையில் இன்னும் எளிதாக அடங்கும்.

அளவுகோல்:
இரண்டு பேரும் யோஷினோடாய் பாறையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 535 மீட்டர் நீளக் குறுங்கோளில் அது ஏறத்தாழ 50 மீட்டர். அவ்வளவு பெரிய பாறையைப் பெயர்த்தெறியும் குழி அங்கே கிடையாது. இடோகாவா உருவாகக் காரணமான பெரிய தாய்க்கோள் சிதறியபோது வந்த துண்டு அது.

தீர்வு வேண்டுமானால் மேட்டுநிலத்தில், பாறைகளுக்கு இடையே இருக்கும் சரளைத் திட்டுகளை எண்ணுங்கள். துள்ளல் போதுமென்றால் அங்கேயும் திட்டுகள் வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் நாலைந்து பிக்சலுக்குக் குறைந்த கல்லை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. அந்த அளவுக்குக் கீழே, கல்லின் அளவுக்கு எதிராக எண்ணிக்கையைக் காட்டும் வரைகோடு தட்டையாகும். கல் இல்லாததால் அல்ல, படத்தில் தெரியாததால். மேட்டையும் பள்ளத்தையும் ஒரே தெளிவுள்ள படங்களில்தான் ஒப்பிட வேண்டும். பள்ளத்துக்கு மட்டும் கிட்டத்தில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டால், சரளை அங்கேதான் அதிகம் என்றே விடை வரும்.