தவளை விந்தை உறைய வைத்தால் மரபணு கெடாதா?

கோண்டாவில்காரன்:
மாரி தொடங்கிவிட்டது, கிணற்றடியில் தவக்கைகள் இரவெல்லாம் கத்துகின்றன. அதைக் கேட்டுக்கொண்டே, அழியும் நிலையில் உள்ள தவளைகளின் விந்தைத் திரவ நைதரசனில் மைனஸ் 196 பாகையில் சேமிப்பது பற்றி வாசித்தேன். டிஎன்ஏ உடையாதா? வாற்பேத்தைகளுக்குக் குறை வராதா?

பண்ணைப்பாலம்:
உடையும்தான். உறையும்போதும் உருகும்போதும்தான் ஆபத்து, பனிப் பளிங்குகள் சவ்வைக் கிழிக்கும், டிஎன்ஏ இழைகளும் சில துண்டாகும். அதைக் குறைக்க, உறையும்போது உயிரணுவைக் காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற திரவமும் ட்ரெகலோஸ் என்ற சர்க்கரையும் சேர்ப்பார்கள். சின்ன உடைவுகளை முட்டையே ஓரளவு திருத்திக்கொள்ளும், கூடினால் கரு பாதியில் நின்றுவிடும்.

சோளகம்:
அண்ணை, மறுபக்கத்தையும் பாருங்கோ. தொட்டியில் இருக்கும் நாலைந்து தவளைகளையே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினால் சொந்தத்துக்குள்ளேயே கலந்து இனம் நலிந்துபோகும். காட்டு ஆணின் விந்து வந்தால் அந்தச் சிக்கல் குறையும். ஹார்மோன் ஊசி போட்டால் சிறுநீரோடு விந்து வரும், கொல்லத் தேவையில்லை. புவேர்ட்டோ ரிக்கோ கொண்டைத் தேரையில் 2019இல் இப்படித்தான் குஞ்சு பிறந்தது, ஓலாஃப் என்று பெயர்கூட வைத்தார்கள்!

கோண்டாவில்காரன்:
அப்ப முட்டையையும் உறைய வைக்கலாமே?

பண்ணைப்பாலம்:
அதுதான் சரிவரவில்லை. முட்டை பெரிசு, மஞ்சட்கருவும் நிறைய. அதனால் முட்டை வழியாக மட்டும் வரும் தாய்வழி மைற்றோகொண்ட்ரியா (உயிரணுவுக்குச் சக்தி தரும் பகுதி) டிஎன்ஏ இந்தச் சேமிப்பில் வராது, பெண் தவளைகளை உயிரோடு வைத்திருக்கத்தான் வேண்டும்.