கொழும்பு மேடையில் எந்தப் பாட்டு? எல்லர்ஹைன் கேட்டபின் ஒரு கேள்வி

ராயபுரம் அக்கா:
எங்கள் தேவாலயத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தருகிறேன். கொழும்பில் பாட அழைப்பு வந்திருக்கிறது. எஸ்தோனியாவின் எல்லர்ஹைன் பெண்கள் குழுவைக் கேட்டதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. 1951-இல் ஹெய்னோ கல்யுஸ்தே தாலினில் தொடங்கிய சிறுவர் குழுவிலிருந்து வளர்ந்தது. எவ்வளவு மெல்லப் பாடினாலும் ஒரு சொல்கூடத் தேய்வதில்லை! நாங்கள் ஆங்கிலப் பாட்டே பாடலாமா, தமிழும் வேண்டுமா?

வியாசர்பாடி தம்பி:
தமிழ்தான் அக்கா, யோசிக்கவே வேண்டாம். இசையமைப்பாளர் வெல்யோ தோர்மிஸ் எஸ்தோனியக் கிராமத்துப் பாட்டுகளைத்தான் சேர்ந்திசை ஆக்கினார். ஒருத்தி ஓர் அடி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நம் கும்மி மாதிரியே.

பெரம்பூர்:
தமிழ் மட்டும் போதாது, வெளிநாட்டுப் பாட்டும் வேண்டும். 2004-இல் எல்லர்ஹைனுக்குக் கிராமி இசை விருது கிடைத்தது பின்லாந்து இசையமைப்பாளர் சிபெலியுஸின் பாடல்களுக்கு. எஸ்தோனிய ஆண்கள் குழுவோடு சேர்ந்து பாடியது, நடத்தியவர் பாவோ யார்வி.

ராயபுரம் அக்கா:
சரி, இரண்டும். கும்மியில் தொடங்குகிறோம். காசிமேட்டுப் பிள்ளை ஒருத்திக்குக் கணீர்க் குரல், முதல் அடி அவளுக்கு. ஆனால் கீழ்க்குரல் பிள்ளைகள் பாதியில் மேல்குரலுக்குத் தாவிவிடுகிறார்கள்.

வியாசர்பாடி தம்பி:
கீழ்க்குரலை முதலில் எல்லாருக்கும் மனப்பாடம் ஆக்குங்கள் அக்கா. மேல்குரலை அப்புறம் சேருங்கள்.