பிஸ் மானிட்டரா, வாயு அலாரமா? அறுவை நடுவே விழிப்பைத் தடுப்பது எது?

வேப்பரைசர்காரன்:
எல்லா ஜெனரல் அனஸ்தீசியாவுக்கும் (முழு மயக்கத்துக்கும்) நெற்றியில் பிஸ் ஸ்ட்ரிப் (மூளை அலையிலிருந்து மயக்கத்தின் ஆழத்தை 0–100 எண்ணாகக் காட்டும் கருவியின் பட்டை; எண் குறைந்தால் மயக்கம் ஆழம்) ஒட்டியே ஆகவேண்டும் என்பவர்கள் 2004-இல் வந்த பி-அவேர் ஆய்வைத்தான் நீட்டுகிறார்கள். விழிப்பு அபாயம் அதிகமுள்ள 2463 பேர். பிஸ் பக்கம் 2 பேருக்கு விழிப்பு, வழக்கமான கவனிப்பில் 11 பேருக்கு. சரி, ஆனால் அந்த வழக்கமான கவனிப்பில் மூச்சின் கடைசியில் வரும் மயக்க வாயுவுக்கு வரம்பும் இல்லை, அலாரமும் இல்லை. ஒருத்தன் கையைக் கட்டிவிட்டு நடத்திய குஸ்தி அது. 2011 பேக்-ரீகால் ஆய்வில் கட்டை அவிழ்த்தார்கள்: ஒரு பக்கம் பிஸ் 40–60, மறு பக்கம் 0.7–1.3 மேக் (கத்தி பட்டாலும் பாதிப்பேர் அசையாத வாயு அளவு 1 மேக்), இரண்டுக்கும் அலாரம். உறுதியான விழிப்பு பிஸ்ஸில் 2861 பேரில் 7, வாயுவில் 2852 பேரில் 2. பிஸ்தான் மேல் என்ற கருதுகோள் அங்கேயே விழுந்தது.

டிவா_ரசிகை:
நீங்கள் காட்டும் ஆய்வில் எல்லோருக்கும் வாயு மயக்கம். வாயுவே இல்லாமல் இரத்தக்குழாய் (நரம்பு) வழி மட்டும் புரோபோஃபால் மயக்க மருந்து ஓடும்போது (டிவா) எந்த மேக்கைப் பார்ப்பீர்கள்? டிசிஐ பம்ப் (இரத்தத்தில் மருந்தின் அளவைக் கணக்கிட்டு ஓட்டும் பம்ப்) திரையில் 4 மைக்ரோகிராம் என்று தெரிவது அளந்த எண் இல்லை, கணக்குப் போட்ட எண். பம்பில் 2 சதவீதம் என்று தேர்ந்தெடுத்துவிட்டு சிரிஞ்சில் 1 சதவீத மருந்து இருந்தால் நோயாளிக்குப் போவது பாதிதான். திரை அதே 4-ஐக் காட்டும்.

அதைவிட மோசம் லைன். கை டிரேப்புக்கு (அறுவைத் துணிக்கு) அடியில், கான்யுலா (மருந்து போகும் ஊசிக்குழாய்) நரம்பைவிட்டு வெளியே வந்து மருந்து தோலுக்கடியில் தேங்கும். எக்ஸ்டென்ஷன் கழன்று புரோபோஃபால் மெத்தையில் சொட்டும். பம்ப் அலாரம் அழுத்தம் ஏறினால்தான் கத்தும். கழன்ற குழாயில் அழுத்தம் எங்கே ஏறும்? சலைன் லைனில் ஒருவழி வால்வு இல்லாமல் கான்யுலா அடைத்தால், மருந்து சலைன் குழாயில் மேல்நோக்கி ஏறும். அடைப்பு விலகியதும் அத்தனையும் ஒரே மூச்சில் உள்ளே போகும். டிவாவோடு தசை தளர்த்தியும் (உடலை அசையவிடாத மருந்து) கொடுத்தால் பிஸ் வேண்டும்.

வேப்பரைசர்காரன்:
நீங்கள் சொன்ன கோளாறுகளில் பாதிக்குத் தீர்வு, கான்யுலாவைக் கண்ணில் படும்படி வைப்பது. அதற்குச் செலவே இல்லை. தசை தளர்த்தி கொடுத்தால் பிஸ்ஸை நம்பலாமா என்பதே சந்தேகம். 2015-இல் ஆஸ்திரேலியாவில் 10 தன்னார்வலர்களுக்கு மயக்க மருந்தே இல்லாமல் தளர்த்தி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முன்கையில் டூர்னிகே (இறுக்குப் பட்டை) கட்டி அந்தக் கைக்குத் தளர்த்தி போகாமல் காத்ததால், கேட்ட கேள்விக்குக் கையசைத்துப் பதில் சொன்னார்கள். முழு விழிப்பு. பிஸ் 44 வரை இறங்கியது! நெற்றித் தசையின் மின்னோட்டம் நின்றதும் கருவி அதைத் தூக்கம் என்று எண்ணிவிட்டது.

ஓடி_டெக்:
குறுக்கே ஒரு விஷயம். எண் தப்பு என்று வரும் புகாரில் பல ஒட்டுவதிலேயே ஆரம்பிக்கிறது. நெற்றியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட வேண்டும், எண்ணெய்ப்பசை இருந்தால் இம்பீடன்ஸ் (தோலின் மின்தடை) சோதனை தேறாது. முதல் வட்டம் நெற்றி நடுவில், மூக்குத்தண்டுக்கு 5 சென்டிமீட்டர் மேலே. நான்காவது புருவத்தை ஒட்டி. மூன்றாவது கண் ஓரத்துக்கும் தலைமுடிக்கும் நடுவே. ஒவ்வொன்றையும் 5 வினாடி அழுத்திப் பிடியுங்கள். டயாதெர்மி (மின்சாரத்தால் வெட்டும் கருவி) ஓடும் நேரம் சிக்னல் தரத்தின் பட்டையைப் பார்க்காமல் எண்ணைப் படிக்காதீர்கள்.

டிவா_ரசிகை:
நன்றி டெக். @வேப்பரைசர்காரன், 44 என்ற ஆய்வு எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கான எச்சரிக்கை. மூளை அலையைப் பார்ப்பதற்கு எதிரானது அல்ல. புரோபோஃபால் போதுமான அளவு போனால் மெதுவான பெரிய அலை மேல் 8–12 ஹெர்ட்ஸ் ஆல்பா ஏறி நிற்கும். விழித்திருப்பவரிடம் அந்தக் கூட்டு வராது. மயக்கத்தைக் குறைக்காமலே எண்ணை ஏற்றிவிடும் கெட்டமைனைக் கொடுத்ததும், அந்த ஏற்றத்தைப் பார்த்து புரோபோஃபாலைக் கூட்டுகிறவர்களும் அலையைப் பார்க்காதவர்கள்தான்.

வேப்பரைசர்காரன்:
அலையைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் டாக்டர்? நடைமுறையில் எண் 35 என்றால் வாயுவைக் குறைக்கிறார்கள், 65 என்றால் கூட்டுகிறார்கள். வயதானவர்களிடம் மயக்கத்தை ஆழமாகப் போகவிடாமல் பார்த்துக்கொண்டால் பின்னால் மனக்குழப்பம் குறையும் என்றார்கள். 2019 எங்கேஜஸ் ஆய்வில் 1232 பேர். மூளை அலை பார்த்த பக்கம் 26 சதவீதம், பார்க்காத பக்கம் 23. குறையவில்லை.

பணம் செலவாகாத வேலை பாக்கி இருக்கிறது. மெஷினில் நோயாளியின் வயதைப் போடுங்கள். 40 வயதில் சீவோஃப்ளூரேன் 1 மேக் சுமார் 1.8 சதவீதம், 80 வயதில் 1.4. கீழ் வரம்பு அலாரம் அணைந்து கிடக்கிறதா பாருங்கள். வேப்பரைசர் (திரவ மயக்க மருந்தை வாயுவாக்கும் கருவி) காலியானால் முதலில் சொல்வது அதுதான்.

டிவா_ரசிகை:
வயது, அலாரம் இரண்டிலும் சண்டை இல்லை. ஆனால் 2014-இல் பிரிட்டன்-அயர்லாந்தில் வந்த நேப்-5 (அறுவை விழிப்புப் புகார்களின் தேசியத் தணிக்கை) அறிக்கையில் விழிப்புப் புகார்களில் மூன்றில் இரண்டு மயக்கம் தொடங்கும்போதோ தெளியும்போதோ நடந்தவை. ஜெனரலில் செய்த சிசேரியனில் சுமார் 670-க்கு ஒன்று. தயோபென்டோன் (மயக்கத்தைத் தொடங்கும் ஊசி மருந்து) தேய்ந்துகொண்டிருக்கும், வாயு இன்னும் ஏறியிருக்காது. உங்கள் அலாரம் அந்த இடைவெளியில் என்ன செய்யும்?

வேப்பரைசர்காரன்:
பிஸ் மட்டும் என்ன செய்யும்? அது காட்டுவதே 15–30 வினாடி பழைய கதை. வாயு ஃப்ளோவை ஏற்றி வேப்பரைசரை அதிகமாகத் திறந்து சீக்கிரம் 0.7 மேக்கைத் தாண்டுங்கள். ஊசி மயக்க மருந்தின் இரண்டாவது சிரிஞ்ச் தயாராக இருக்கட்டும்.

டிவா_ரசிகை:
இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவது) இழுத்துக்கொண்டே போனால் அந்தச் சிரிஞ்சை எப்போது கொடுப்பது? குழாயே போகவில்லை, வாயுவை அளக்க, சாம்பிள் எடுக்க மூச்சு ஏது?

வேப்பரைசர்காரன்:
அடுத்த முயற்சிக்கு லாரிங்கோஸ்கோப்பை எடுக்கிறீர்களா, அதற்கு முன் கொடுங்கள். அதற்கு எந்த எண்ணும் தேவையில்லை.